ஸ்டெப்னி கட்டிய துச்சாதனன்

கூத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். துரியோதனன் எப்படி ஆடினான், கர்ணன் எப்படி அழவைத்தான், கோமாளி கட்டியங்காரன் யார் மானத்தை எப்படி வாங்கினான் என்று விலாவாரியாகச் சொல்வார்கள். பின்பாட்டுக்காரன் எப்படிப் பாடினான் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. இதை நினைத்தால் இந்த வயசிலும் எனக்கு எவனையாவது நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது. முதல் சாத்து எனக்குத்தான் விழ வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜமா ஒன்றில் திரௌபதை வேஷம் கட்டினவன். ஜமா என்றால் கூத்துக் குழு. பன்னிரண்டு பேர், இரண்டு மரப்பெட்டி, ஒரு ஆர்மோனியம், அவ்வளவுதான் சொத்து. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. பெண் வேஷம் கட்டுகிறவன் சாதுவாக இருப்பான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ஒரு ஊரில் ஆட்டத்துக்கு நடுவே ஒருத்தன் என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டுப் பல்லைக் காட்டினான். சேலையோடும் சவுரியோடும் கூட்டத்துக்குள் இறங்கி அவன் மூக்கை உடைத்துவிட்டு வந்து மிச்சப் பாட்டைப் பாடினேன். சனங்கள் விசில் அடித்தார்கள். அதிலிருந்து எனக்குத் திமிர் இன்னும் ஏறிப்போனது.

எங்கள் ஜமாவே ஒரு அடிதடிக் கூட்டம்தான். ஜமாவை நடத்துகிறவரை வாத்தியார் என்போம். எவனாவது அடி தப்பினால் கையிலிருக்கும் பித்தளைத் தாளத்தைக் கழற்றி அவன் மேல் எறிவார். என் இடது புருவத்துத் தழும்பு அவர் கொடுத்தது. துச்சாதனன் கட்டுகிறவன் அதற்கும் மேலே. ஆறடி உயரம், உருட்டுக்கட்டை மாதிரி கை. குடித்தால் யாராவது ஒருத்தனை அடிப்பான், குடிக்காவிட்டால் எல்லோரையும் அடிப்பான். ஆனால் களத்தில் அவன் உறுமினால் முன்வரிசைக் குழந்தைகள் ஒன்றுக்குப் போய்விடும். அவன் பேரைச் சொல்லித்தான் ஊர் ஊராக எங்களைக் கூப்பிட்டார்கள். சபையில் திரௌபதையின் சேலையைத் துச்சாதனன் உரிகிற கட்டத்தைத் துகில் என்போம். அவனும் நானும் சேர்ந்தால்தான் துகில் எடுபடும் என்று எனக்கு ஒரு கர்வம்.

இந்தப் புலிகளுக்குப் பின்னால், ஆர்மோனியப் பெஞ்சை ஒட்டி, ஒருத்தர் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே இருப்பார். ஆடுகிறவன் ஒரு அடி பாடினால் அதை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். அவனுக்கு மூச்சு வாங்கினால் அவனுக்காகப் பாட வேண்டும். அடுத்த அடி மறந்து அவன் முழித்தால் சனங்களுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் பின்பாட்டு. எங்கள் பின்பாட்டுக்காரருக்கு நாற்பது வயசு இருக்கும். மணலூர்பேட்டைப் பக்கத்து ஆள். ஒரு சாண் நிலம் கிடையாது, பகலில் கரும்பு வெட்டப் போவார். நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது பதினோரு வருஷமாக அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாரதத்தில் இருக்கும் அத்தனை வேஷத்தின் பாட்டும் அவர் தொண்டையில் இருந்தது. அதனால் எவனுக்காவது முடியவில்லை என்றால் அவரை இழுத்துப் பிடித்து வேஷம் கட்டி உள்ளே தள்ளுவார்கள். லாரிக்கு அடியில் தொங்குமே உபரி டயர், அதன் பேரையே அவருக்கு வைத்திருந்தோம். ஸ்டெப்னி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டோம், அவரும் என்னப்பா என்று திரும்புவார்.

ஒரு ஊரில் கர்ணன் கட்டுகிறவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பாதி ஆட்டத்தில் அவன் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கிரீடத்தையும் மார்ப்பதக்கத்தையும் ஸ்டெப்னிக்கு மாட்டிவிட்டார்கள். கர்ணன் செத்து விழுகிற வரைக்கும் அவர்தான் ஆடினார். கிழவிகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். விடிந்ததும் ஊர் மாலை யார் கழுத்தில் விழுந்தது தெரியுமா? வயிற்றால் போனவன் கழுத்தில். அவனும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டான். ஸ்டெப்னி ஒரு மூலையில் உட்கார்ந்து சலங்கையில் அறுந்த மணியைக் கோத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "தம்பி, எனுக்கு ஒரு வேஷம் சொந்தமா வேணும்பா. சின்ன வேஷமா இருந்தாக்கூட பரவால்ல. இந்த வேஷம்னா இந்த ஆளுன்னு நாலு பேரு சொல்லணும். அம்மாந்தான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டேன்.

சம்பவம் நடந்த வருஷம் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பத்து நாள் கூத்து. திரௌபதை அம்மன் கோயில் திருவிழா. மலை மேலிருந்தும் சனங்கள் கம்பளியும் கட்டுச்சோறுமாக இறங்கி வந்து தங்கிப் பார்ப்பார்கள். ஐந்தாம் நாள் துகில். அன்றைக்குக் கோயில் வாசலில் எள் போட்டால் எள் விழாது.

அந்த ஐந்தாம் நாள் காலையில் எங்கள் துச்சாதனப் புலி, சொந்தக்காரன் வீட்டு விசேஷம் என்று உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினான். மத்தியானம் அங்கே ஒரு புரோட்டா கடையில் சால்னா தீர்ந்துவிட்டது என்று சொன்ன பாவத்துக்குப் பரிமாறுகிறவனைப் பளாரென்று அறைந்திருக்கிறான். பக்கத்து மேஜையில் லாரி கிளீனர்கள் நாலு பேர். ஜாக்கி ராடை எடுத்து வந்து முகரையைப் பெயர்த்துவிட்டார்கள். முன்பல் மூன்று போச்சு, விலா எலும்பு இரண்டு போச்சு. நாலு மணிக்கு ஒரு ஆள் மொபெட்டில் வந்து சேதி சொன்னான்.

வாத்தியார் மரப்பெட்டியை ஓங்கி உதைத்தார். உதைத்த கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. நொண்டிக்கொண்டே பின்பாட்டுக்காரரிடம் போனார்.

"டேய் ஸ்டெப்னி, இன்னிக்குத் துச்சாதனன் நீதான். முழுசா நின்னு காட்டு. நல்லா இருந்திச்சின்னு ஊர்க்காரன் வாயால வந்துடுச்சின்னா அந்த வேஷம் ஆயுசுக்கும் உன்னுது. அந்தக் குடிகார நாயி இனிமே எனுக்கு வாணாம். இவனுங்க எல்லாம் சாட்சி."

ஸ்டெப்னி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ரோட்டுக்கு ஓடிப்போய், புறப்பட இருந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் பெண்சாதிக்குச் சேதி சொல்லி அனுப்பினார். ஆட்டம் தொடங்குவதற்குள் அந்தம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் கோணி விரித்து உட்கார்ந்துவிட்டது. புருஷன் பேரில் ஒரு வேஷம் எழுதுகிற நாள் அல்லவா.

எனக்கோ எரிச்சல். வருஷத்துக்கு ஒரு துகில் ஆயிரம் பேருக்கு முன்னால். அதில் எனக்கு ஜோடி ஒரு கரும்பு வெட்டுகிறவனா? அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து குத்தவைத்தார். முகத்தில் சிவப்பு பாதி ஏறியிருந்தது.

"தம்பி, பாட்டு எல்லாம் எனுக்குத் தெரியும். பாட்டு இல்லாத எடத்துல எதுனா செய்ய வேண்டியது இருக்குதா? சொல்லுப்பா."

"பதினோரு வருஷமா நின்னுக்கினுதான இருக்க? கண்ண இன்னா பொடனியில வெச்சிக்கினு இருந்தியா? போணா அப்பால, மை கலையுது."

அவர் எழுந்து போய்விட்டார். கோயிலுக்குள் சூடம் கொளுத்திக் கும்பிடுவதைப் பார்த்தேன். மற்ற ஜமாக்களில் துச்சாதனன் கட்டுகிறவன் அதோடு முடித்துக்கொள்வான்.

எங்கள் ஜமாவில் அப்படி இல்லை. இந்த வழக்கத்தைச் சொல்லாவிட்டால் அப்புறம் நடந்தது புரியாது. துச்சாதனன் திரௌபதையின் தலைமயிரைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வருவான். ஒரு நீளப் பாட்டு. அது முடிந்ததும் மத்தளம், ஆர்மோனியம் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நான் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பேன். துச்சாதனன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வலது கையைத் தூக்க வேண்டும். அதைப் பார்த்துக் கட்டியங்காரன் சூடத்தட்டோடு வருவான். துச்சாதனன் என் காலில் விழுந்து, தாயே, வயித்துப் பொழப்புக்காகத்தான் உன் சேலையில கை வெக்கறேன், என் வம்சத்தக் காப்பாத்து என்று மெதுவாகச் சொல்லுவான். பாட்டு கிடையாது, மைக் கிடையாது. விரதமிருக்கிற பெண்கள் அந்தச் சூடம் அணைகிற வரைக்கும் தலை நிமிர மாட்டார்கள். அதற்கு அப்புறம்தான் சேலையைத் தொடலாம். சூடம் இல்லாமல் தொட்டால் அது வேஷம் இல்லை, ஆத்தாவைத் தொட்டதாகவே கணக்கு.

முன்னால் வந்த நீளப் பாட்டில் தொண்டை கிழிந்திருக்கும் என்பதால், மத்தளம் நின்ற அந்த நிமிஷமே பின்பாட்டுக்காரர் திரைக்குப் பின்னால் போய் ஒரு டம்ளர் வெந்நீர் குடிப்பார். ராத்திரி முழுக்க அவருக்கு அந்த ஒரு ஓய்வுதான். அவர் திரும்பி வரும்போது சூடம் அணைந்திருக்கும். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவர் அதைப் பார்த்ததில்லை. எனக்கு இது தெரியும். கண்ணை மூடுவதற்கு முன்னால் பெஞ்சுப் பக்கம் இடம் காலியாவதை அத்தனை வருஷம் நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டபோது எனக்கு அது ஞாபகத்தில் வரவில்லை என்று சொல்லலாம். ஞாபகப்படுத்திப் பார்க்க நான் முயற்சி செய்யவில்லை என்பதுதான் நிஜம்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பிய்த்து உதறினார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், கோயில் புறா அத்தனையும் பறந்தது. உடம்பு ஒல்லிதான். கிர்ரென்று சுற்றி வந்து நின்றபோது அந்த உடம்பு எங்கேயிருந்து அவ்வளவு பெரிதானது என்று எனக்குப் புரியவில்லை. மலைக்காரர்கள் கம்பளியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தது. இந்த ஆள் புலியை விடப் பெரிய ஆள்தான்டா என்று எனக்கே தோன்றியது. தோன்றியதும் வயிறு எரிந்தது.

கிழக்கு வெளுக்கிற நேரத்துக்குத் துகில் வந்தது. என் சவுரியைப் பிடித்துக் களத்தை மூன்று சுற்று இழுத்தார். பெஞ்சுப் பக்கம் ஆள் இல்லாததால் நீளப் பாட்டில் துச்சாதனன் அடியையும் பின்பாட்டு அடியையும் அவரே பாடி முடித்தார். மத்தளம் நின்றது. நான் கண்ணை மூடிக் கைகூப்பினேன். சூட வாசனைக்குக் காத்திருந்தேன்.

வாசனை வரவில்லை. என் இடுப்புச் சேலையில் ஒரு கை விழுந்தது. அடுத்த பாட்டை உச்சத்தில் எடுத்து, சேலையைச் சுண்டி ஒரு இழுப்பு இழுத்தார்.

கூட்டம் ஐயோ என்று அலறியது. நான் கண்ணைத் திறந்தேன். கிரீடம் அவர் தலையிலேயே இருக்கிறது. கட்டியங்காரன் திரை ஓரத்தில் சூடத்தட்டோடு, அவர் எப்போது கையைத் தூக்குவார் என்று வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை மெதுவாகச் சொல்லியிருந்தால் போதும். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டிருப்பார், அதுதானே அவர் தொழில். நான் சொல்லவில்லை. எனக்குள் ஏதோ சாயங்காலத்திலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. கையில் பித்தளைக் காப்பு போட்டிருந்தேன். அந்தக் கையைச் சுழற்றி அவர் இடது காதில் ஒரு அறை விட்டேன். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. கிரீடம் தெறித்து ஆர்மோனியத்தில் விழுந்தது. அவர் தள்ளாடி முட்டி போட்டார். சலங்கை கட்டின காலால் நெஞ்சில் உதைத்தேன். விழுந்தவரை இன்னொரு முறை உதைத்தேன்.

"ஆத்தா எறங்கிட்டாடா!" என்று எவனோ கத்தினான்.

ஆத்தாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது என் கோபம். ஆனால் அந்தக் கத்தல் காதில் விழுந்ததும் என் உடம்பு ஒரு வேலை செய்தது. தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தேன். நாக்கைக் கடித்தேன். அடித்தவன் நான் இல்லை, ஆத்தா என்று ஆக்கிக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? என் ஜென்மத்தில் நான் ஆடின மட்டமான ஆட்டம் அதுதான்.

ஆத்தாவே அடித்துவிட்ட பிறகு ஊர் சும்மா இருக்குமா? களத்துக்குள் குதித்துவிட்டார்கள். ஒருத்தன் ட்யூப் லைட்டு கட்டியிருந்த மூங்கிலைப் பிடுங்கினான். லைட்டு வெடித்துக் கண்ணாடி சிதறியது. மூங்கில் அவர் முதுகில் இறங்கியது. செருப்பு, கல், தடி. பதம் பார்க்கிற மாதிரி ஒருத்தன் அவர் விரலை மிதித்துத் திருகினான். தடுக்கப் போன மத்தளக்காரனுக்கு மண்டை உடைந்தது. அந்தம்மா பிள்ளைகளைக் கோணியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தது. அவர் பக்கம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தது. ஆத்தா இறங்கியவன் பக்கத்தில் ஆம்பிளைகளே நெருங்கவில்லை. அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தது. பல் உள்ளே இறங்கியது. "ஆத்தாவாம் ஆத்தா! பேமானி, நீதான்டா அடிச்ச!" என்று வாயில் என் ரத்தத்தோடு கத்தியது.

அந்தக் கடியில் என் ஆட்டம் நின்றது. இப்போது நான் திரௌபதையின் முறையீட்டைப் பாட வேண்டிய இடம். பாடினால் கூட்டம் அடங்கும். எனக்கு ஒரு சொல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒருத்தன் அரிவாளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. இன்றைக்கு ஒரு பிணம் விழப்போகிறது, என்னால் விழப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது கீழேயிருந்து, காலும் தடியுமாக மொய்த்த குவியலுக்கு அடியிலிருந்து, ஒரு குரல் வந்தது.

"இரு கையும் விட்டுவிட்டேன், இனி உன் பாரம்..."

துச்சாதனன் பாடினான், திரௌபதையின் பாட்டை. நான் விட்ட அடியை எடுத்துக் கொடுத்தார். வாயில் ரத்தம் கொழகொழக்க, ஒரு சொல் உடையாமல், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற அதே குரல். அந்த அடி முடிந்தால் கூட்டம் மொத்தமும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோவிந்தா என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் அது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். தடியை ஓங்கினவன் தடியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். மிதித்துக்கொண்டிருந்தவன் காலை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கினான். அரிவாள்காரன் அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கினான். ஆயிரம் தொண்டை கோவிந்தா என்றது. அவர் விடவில்லை. அடுத்த அடி, மறுபடி கோவிந்தா. அடுத்த அடி, மறுபடி கோவிந்தா. மூன்று அடிக்குள் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

கட்டியங்காரன் அப்போதுதான் புத்தி வந்து தட்டோடு ஓடி வந்தான். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தவழ்ந்து வந்து என் காலில் நெற்றியை வைத்து, சூடத்தை ஏற்றிக் கும்பிட்டார். பிறகு எழுந்து நின்று, ரத்தம் சொட்டச் சொட்டத் துகிலை உரிந்து முடித்தார்.

வெயில் ஏறினதும் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. தர்மகர்த்தா நடுவில் உட்கார்ந்தார். விஷயம் ரொம்ப எளிது, ரொம்பக் கொடூரம். ஆத்தா வேஷம் கட்டினவன் சொந்தக் கோபத்தில் கை நீட்டியிருந்தால் அவன் ஜென்மத்துக்கும் திரௌபதை கட்டக் கூடாது. ஆத்தாவே இறங்கி அடித்திருந்தால் அடிபட்டவன் அவள் சன்னதிக்கு எதிரே எந்த வேஷமும் கட்டக் கூடாது. இரண்டில் ஒன்று. எங்கள் இருவரில் ஒருத்தனுக்கு வேஷம் அன்றோடு சரி. நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

தர்மகர்த்தா அவரைக் கேட்டார். "அடி வாங்கினவன் நீ. உனுக்குத்தான் தெரியும். அடிச்சது யாரு? ஆத்தாளா, இவனா?"

"இவன்தான்யா!" என்று அந்தம்மா பாய்ந்தது. "பொறாமயில அடிச்சான்யா பாவி! பதினோரு வருஷம்யா, பதினோரு வருஷம் நின்னாருய்யா!"

"நீ சும்மா இரு" என்றார் அவர். இடது காதிலிருந்து கழுத்து வரைக்கும் ரத்தம் காய்ந்திருந்தது. "ஆத்தாதாங்க அடிச்சா. நான் சூடம் காட்டாம தொட்டுட்டேன். தப்பு என்னுது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. யாரோ என் காலில் விழுந்தார்கள். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தம்மா தரையில் உட்கார்ந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டது.

மத்தியானம் அவரைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்தம்மா பஸ்ஸில் எங்களுக்கு முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்தது. அவர் எனக்கு வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மத்தளம் நிக்குதே, அது எனுக்குத் தண்ணி குடிக்க வுடறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா" என்றார். "இத்தினி வருஷமும். நம்ம மேல எவ்ளோ அக்கறன்னு நெனப்பேன். இன்னிக்குத்தான் நான் தண்ணி குடிக்கப் போவலியே, எதுக்கு நிறுத்தணும்னு எடுத்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் காதுக்குள் லைட்டு அடித்துப் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்துவிட்டது, அந்தப் பக்கம் இனிமேல் கேட்பது சந்தேகம் என்றார். சுருதி பிடிக்கிறவனுக்கு ஒரு காது போவது என்றால் என்ன என்று டாக்டருக்குத் தெரியாது. வெளியே மருந்துச் சீட்டுக்கு நின்றிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"ணா, அது ஆத்தா இல்ல. நான்தான்."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"ஆத்தா வந்திருந்தா பாட்ட வுட்டிருப்பாளா? நீ வுட்டுட்டியே. அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏண்ணா அப்பிடி சொன்ன? வேஷம் உன்னுதாயிருக்குமே! என்னைப் புடிச்சிக் குடுத்திருக்கலாமே!" நான் கத்தின கத்தலில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னும் அஞ்சு நாளு ஆட்டம் இருக்குதுப்பா. துச்சாதனன் இல்லன்னா யாரயாவது கட்டிக்கலாம், சண்டையில நெஞ்சப் பொளந்தா அவன் கத முடிஞ்சிபோவுது. உன்ன வாணாம்னுட்டா திரௌபதைக்கு யாரு இருக்கா? என் கொரலுக்குப் பொம்பளப் பாட்டு வராது. நானும் யோசிச்சிப் பாத்தேன், ஆளே இல்ல."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நான் வாய்விட்டு அழுதேன். அந்தம்மா தூரத்தில் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டே வரவில்லை.

அன்று ஆறாம் நாள் ஆட்டம். நேற்று ஆத்தா இறங்கின வேஷக்காரர் என்று மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். பெண்கள் வரிசையாக வந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் எல்லா ஊரிலும் அப்படியே சொன்னார்கள், அப்படியே தொட்டார்கள். அவர் ஒரு வேஷமும் கட்டவில்லை. அந்த ஆறாம் நாள் நான் களத்துக்கு வந்து முதல் அடியை எடுத்தபோது, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பாடின அடியை வாங்கித் திருப்பிப் பாடினார். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.